ஐந்தாவது பம்ப்

அத்தியாயம் ஆறு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குருவியைப் பிடித்தாக வேண்டும். இப்போது வெள்ளி காலை பத்தேகால்.

துப்பறியும் உதவியாளன் பல்புக்கு இதில் முதல் சிக்கல், குருவி ஆணா பெண்ணா, ஒற்றை ஆளா ஒரு கூட்டமா என்பதே தெரியாது. இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரியது. குருவி எதையும் திருடவில்லை, கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

"இத்தனை வருஷமா எடுத்துட்டுப் போனவனைத்தான் தேடியிருக்கோம்" என்றான், வக்கீல் அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறியபடி. "தானம் பண்றவனைத் தேடுறது இதான் முதல் தடவை. பிடிச்சா கைவிலங்கா, மாலையா, இப்பவே சொல்லிடுங்க அக்கா. ரெண்டுக்கும் கடை வேற வேற."

கிளெய்ம் அக்கா முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு வருடம், எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தப் பெயர் அங்கே ஒட்டியது. வேலையை விட்டு இரண்டு அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகும் விடவில்லை. பல்பு அப்போது மேடைகளுக்கு விளக்குப் போடும் எலக்ட்ரீஷியன். ஒரு கிடங்கு எரிந்ததற்கு அவன் போட்ட ஒயர்தான் காரணம் என்று எல்லோரும் சாதித்தபோது, ஒரு எலி கடித்த தடத்தைக் காட்டி அவனைக் காப்பாற்றியவள் அக்கா. அன்றிலிருந்து எலிக்கும் அக்காவுக்கும் கடன்பட்டவன் என்று சொல்லித் திரிகிறான்.

வக்கீல் அம்மா மேசையில் தேநீர் ஆடை கட்டிப் போயிருந்தது. ராத்திரி தூங்காத கண். ஆனாலும் பொறுமையாக, முதலிலிருந்து சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மருந்தை ஊசிக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக, மணிக்கு இத்தனை மில்லி என்று கணக்காகத் தள்ளும் சிரிஞ்ச் பம்ப் இருக்கிறது அல்லவா, அதை ஓட்டும் மென்பொருளைப் பற்றிய விவகாரம் இது. இந்த மென்பொருளை எந்த நிறுவனமும் விற்கவில்லை. உலகத்தின் பல மூலைகளில் உள்ள ஐம்பது அறுபது பேர் சம்பளம் இல்லாமல், தங்கள் பிழைப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே எழுதுகிறார்கள். எழுதியது பொதுவில் கிடக்கும். யாரும் எடுத்துப் படிக்கலாம், ஓட்டலாம், தப்பு தெரிந்தால் திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் ஒருவர் அதைப் பார்த்து, சரியென்றால் சேர்ப்பார். பழைய பம்புகளைத் தூக்கிப் போட வசதியில்லாத ஆஸ்பத்திரிகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இவர்களுக்கு ஒரு அறக்கட்டளை உண்டு. அதன் வக்கீல் இவர்.

அந்த மென்பொருளில் நேரம் பார்க்கும் பகுதியைப் பன்னிரண்டு வருடமாகக் கவனித்துவந்தவர் ஒருவர். வேறு நாடு. எல்லோரும் அவரைக் கடிகாரக்காரர் என்பார்கள். பதினோரு மாதத்துக்கு முன் அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் ஒரு பொருளாதாரத் தடைப் பட்டியலில் ஏறியது. இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே மூண்ட சண்டை அது, அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சம்பளம் அங்கிருந்து வருகிறது. அறக்கட்டளையோ தடை போட்ட நாட்டில் பதிவானது.

"அதனால விதி இதுதான்" என்றார் வக்கீல். "அவர் பொதுவில எழுதி வெச்சதைப் படிக்கலாம். பதில் போடக் கூடாது. அவர் எழுதினதைத் திருத்திக் கொடுக்கக் கூடாது, அவர்கிட்ட இருந்து வாங்கிக்கவும் கூடாது. பேரைப் பொறுப்பாளர் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லி நான்தான் கடிதம் எழுதினேன்."

"ஏன்னு அவருக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"சொல்றதும் பேச்சுதானே."



பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்த ஐந்தாம் மாதம், குருவி என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார். இதுவரை நாற்பத்தொரு திருத்தம். எல்லாம் நேரம் பார்க்கும் பகுதியில். அதில் ஒன்று உயிர் காக்கிறது. பம்புக்குள் ஒரு எண்ணி, ஓட ஆரம்பித்ததிலிருந்து நொடியை ஆயிரமாகப் பிரித்து எண்ணிக்கொண்டே போகும். வண்டியில் ஓடிய தூரம் காட்டும் மீட்டர் எல்லாம் ஒன்பதாகி, மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறதே, அதுபோல நாற்பத்தொன்பது நாளும் சில மணி நேரமும் ஆனால் இந்த எண்ணியும் பூஜ்யமாகிவிடும். நேற்று முடிந்து இன்று வருவதற்குப் பதில், முந்தாநாள் வந்துவிட்டது என்று பம்ப் நினைத்துக்கொள்ளும். அடுத்த சொட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சும்மா நின்றுவிடும். அணைத்து அணைத்துப் போடும் பம்பில் இது தெரியாது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் அணைக்காமல் ஓடும் பம்பில்தான் தெரியும். அதைச் சரி செய்தது குருவி.

"நாளைக்குப் புதுப் பதிப்பு வெளிவருது. குருவிதான் கடிகாரக்காரர்னா, இன்னிக்கு அஞ்சு மணிக்கு நாற்பத்தொண்ணையும் உருவச் சொல்லணும். அந்தத் திருத்தமும் போயிடும்."

பல்பு தலையைச் சொறிந்தான். "காக்கா உட்கார்ந்து பனம்பழம் விழும்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். இங்க குருவி உட்கார்ந்து பம்ப்பு ஓடுது. ஓடிட்டுப் போகட்டுமே."

"சட்டம் எனக்குப் பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கல தம்பி. அறக்கட்டளையை மூடிட்டா மொத்தமும் போகும்" என்றார் வக்கீல். குரலில் கோபம் இல்லை.

நாற்பத்தொரு திருத்தங்களையும், அவை வந்த நாள், நேரம், கூடவே எழுதிய குறிப்போடு அச்செடுத்துத் தரச் சொன்னாள் அக்கா. எல்லாவற்றிலும் இந்த ஊர் நேரம்தான் இருந்தது. கணினியில் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்வது குழந்தை விளையாட்டு, அதை நம்ப முடியாது என்று வக்கீல் எச்சரித்தார்.

"கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கலாம்" என்றாள் அக்கா. "களைப்பைத் திருப்பி வைக்க முடியாது."

தாள்களைப் பரப்ப இடம் வேண்டும். மாடிப்படியைத் தவிர வேறு இடம் இல்லை. ஒரு படிக்கு ஒரு வாரம் என்று அக்கா கணக்கு வைத்துக்கொள்ள, இருபத்தாறு படிகளில் ஆறு மாதம் இறங்கியது. ஏறி இறங்குகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி, முறைத்துவிட்டுப் போனார்கள். பல்பு ஒவ்வொருவரிடமும் கட்டட அளவெடுப்பு நடக்கிறது என்றும், படி ஒன்று குறைகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கீழிருந்து பார்த்தபோது அதுவே கதை சொன்னது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளில்தான் பெரும்பாலும் தாள். பதினொன்று இருபதுக்கு மேல், பன்னிரண்டுக்குள். ஒருமுறைகூட நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. பாதியில் நின்ற வேலைகூட நாற்பதாவது நிமிடத்தில் அப்படியே நின்று, அடுத்த முறை தொடர்ந்திருந்தது. நடுவில் மூன்று படிகள் காலி. அதற்குக் கீழே இரண்டு படிகளில் வைக்க இடமில்லாமல் குவியல். அங்கே மட்டும் கிழமையும் இல்லை, நேரமும் இல்லை.

"நாற்பது நிமிஷம்தான் வெளிய விடுறாங்கன்னா, ஜெயில்ல இருக்கிறவனா அக்கா?"

"அந்த மூணு காலி வாரம் எப்பன்னு பாரு."

பல்பு குனிந்து பார்த்தான். "இதுல முதல் ரெண்டு வாரம் என் பொண்ணுக்கு ஆண்டுத் தேர்வு. வீட்டுல டிவி போடக் கூடாது, தும்மக் கூடாது. ஜெயில்னு சொன்னேனே, அது இதான்."

"மூணாவது வாரம்?"

"லீவு விட்டாச்சு. ஊரே ஆடுச்சு."

"எல்லாருக்கும் லீவு விட்டாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அக்கா தாள்களின் அடியில் இருந்த குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

இந்த மென்பொருள்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் அனுப்பினால், எந்த இயந்திரத்தில் வைத்துச் சோதித்தோம், என்ன ஆனது என்று கடைசியில் எழுதியாக வேண்டும். நன்றாக ஓடியதை மட்டும் அல்ல, ஓடாததையும். நாளைக்கு வேறொருவர் அதை நம்பி ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றப்போகிறார். பெயரை மறைக்கிறவர்கள்கூட இந்த வரியில் ஒரு எழுத்துப் பொய் எழுத மாட்டார்கள்.

குருவியின் குறிப்பு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இப்படி இருந்தது: எட்டு பம்புகளில் சோதித்தேன். ஏழு சரி. ஐந்தாவது மட்டும் தொடங்கும்போது மூன்றில் ஒரு நொடி தாமதம். அதன் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. என் திருத்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

"தொடர்பில்லன்னா எதுக்கு எழுதணும்?" என்றான் பல்பு. "திருடன் வாசல்ல செருப்பை விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு."

"எழுதாம இருக்க முடியாது. அது அவங்க புத்தி. போனைக் குடு."

சோதனை முடிவுகளைப் பொதுவில் போட்டுவைக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் ஒன்பது பேர். ஒன்பது பக்கங்களையும் அக்கா ஒவ்வொன்றாகத் திறந்தாள். எட்டு பம்ப் வரிசையாக வைத்து, அதில் ஐந்தாவது பம்ப் தினமும் மூன்றில் ஒரு நொடி பிந்துகிற மேசை உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. இதே ஊரில், அரசு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். அந்த மேசைக்குச் சொந்தக்காரர் இந்த மென்பொருளின் தலைமைப் பொறுப்பாளர். வக்கீலின் கடிதத்துக்குக் கட்டுப்பட்டு, கடிகாரக்காரர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியவரும் அவரேதான்.

"சொன்ன பேச்சைக் கேட்டவர்னு யாரும் சந்தேகப்படல" என்று முணுமுணுத்தாள் அக்கா.

அவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் மெக்கானிக் என்றுதான் அழைத்தார்கள். பட்டறை பிண அறைக்கும் சலவை அறைக்கும் நடுவில், சன்னல் இல்லாத நீள அறை. சுவரெல்லாம் கழற்றிய இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டையில், வந்த நாளும் நோயும் எழுதியிருந்தது. நடுவில் அந்த மேசை. எட்டு பம்ப், எட்டு ஊசிக்குழாய், குழாயில் நீல நிறத் தண்ணீர். அது சொட்டுச் சொட்டாக எட்டுக் கண்ணாடிக் குவளைகளில் விழ, குவளைக்கு அடியில் இருந்த தராசு எடையைக் கணினிக்குச் சொல்லியது. தலைமாட்டில் ஒரு திரை, சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள்.

பல்புக்கு இந்த மாதிரி ஏற்பாடுகளைப் பார்த்தால் கை பரபரக்கும். எண்ணியை நாற்பத்தொன்பது நாள் ஓட விட்டுச் சோதிக்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது என்று கேட்டான். மெக்கானிக்குக் கேள்வி பிடித்துவிட்டது. ஓட விடுவதில்லை, எண்ணியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தொடங்குவோம், பத்தாவது நிமிடத்தில் அது பூஜ்யமாகும்போது சொட்டு நிற்கிறதா என்று பார்ப்போம் என்று, பம்பின் மூடியைத் திறந்தே காட்டினார். மேலே குழந்தைகள் வார்டில் பதினான்கு பம்ப். திருத்தம் வெளிவரும்வரை அவரே நாற்பதாவது நாளில் போய் ஒவ்வொன்றாக அணைத்துப் போடுகிறார்.

"இங்க நான் இருக்கேன். கணக்கு வெச்சு அணைக்கிறேன்" என்றார். "நான் இல்லாத ஆஸ்பத்திரிங்க எத்தனையோ இருக்கே."

அக்கா ஐந்தாவது பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, நோயாளிக்கு நாடி பார்ப்பதுபோல நின்றாள். பிறகு, குருவி நீங்களா என்று நேராகக் கேட்டாள். அவர் இல்லை என்றார். யார் என்று தெரியுமா என்றாள். அதற்கு அவர் துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார்.

"உங்க வீட்டுல யாரு பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிறாங்க?"

துணி நின்றது. "என் மனைவி. கணக்கு டீச்சர்."

பல்பு வாயைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது காலி வாரம் விடைத்தாள் திருத்திய வாரம். அதற்குக் கீழே குவிந்தது டீச்சருக்கும் லீவு விட்ட பிறகு. நாற்பது நிமிடம் என்பது ஒரு பீரியட். செவ்வாயும் வியாழனும் பதினொன்று இருபதுக்கு டீச்சருக்கு வகுப்பு கிடையாது. "மாடிப்படியிலேயே தெரிஞ்சிருச்சு உங்களுக்கு. என்னை மட்டும் படி எண்ண விட்டீங்க."

டீச்சர் மூன்றே முக்கால் மணிக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் நோட்டுகள் அடைத்த பை, விரலில் சாக்பீஸ் தூள். விஷயம் தெரிந்ததும் முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு, மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, ஒளிக்காமல் சொன்னார்.

பெயர் போன பிறகும் கடிகாரக்காரர் எழுதுவதை நிறுத்தவில்லை. தன் சொந்தப் பக்கத்தில் தினமும் ஒரு கணக்கைப் போட்டு விளக்கிவைப்பார், யாருக்கு என்று சொல்லாமல். அந்த நாற்பத்தொன்பது நாள் கணக்கும் அதில் இருந்தது. மணி எத்தனை என்று பார்க்காதே, போன சொட்டுக்கும் இந்தச் சொட்டுக்கும் நடுவே எவ்வளவு ஆனது என்று மட்டும் பார், அப்போது மீட்டர் பூஜ்யத்தில் தொடங்கினாலும் வித்தியாசம் மாறாது என்று எழுதியிருந்தார். டீச்சர் அதைப் படித்தார். கணக்கு புரிந்தது. மென்பொருள் எழுத அவர் புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டார், தானே எழுதினார், ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து சோதித்தார்.

"அவர் எழுத்துல ஒரு வரிகூட எடுக்கல. கணக்கு மட்டும்தான் அவரோடது. கணக்கை யார் பூட்டி வைக்க முடியும்?" என்றார். "பொண்டாட்டி அனுப்பினதைப் புருஷன் சேர்த்துக்கிட்டார்னு பேச்சு வரும். அதான் குருவி."

பல்பு வக்கீலுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். மணி நாலு பத்து. அக்கா சொன்னதை மறுமுனை முழுக்கக் கேட்டுவிட்டு, டீச்சர் எங்கே வசிக்கிறார், கடிகாரக்காரரிடம் எப்போதாவது ஒரு சொல்லாவது பேசினாரா என்று இரண்டே கேள்வி கேட்டது. இல்லை என்றதும் நீளமாக ஒரு மூச்சு. படித்துப் புரிந்துகொள்வதற்குத் தடையில்லை. திருத்தங்கள் இருக்கட்டும். அறிக்கையை ஐந்துக்குள் அனுப்புங்கள் என்றார் வக்கீல்.

"சுபம்" என்றான் பல்பு. "கைவிலங்கும் வேணாம், மாலையும் வேணாம். ஒரு டீ போதும்."

அக்கா நகரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்தக் கடிகாரக்காரர்கிட்ட இந்த பம்ப் இருக்கா?"

"ஒண்ணு இருந்தது. ரிப்பேர் ஆயிருச்சு. தடைக்கு அப்புறம் உதிரி பாகம் போகாது. அவரே எழுதியிருக்கார்."

"பம்பே இல்லாதவர், நேத்து போட்ட தப்பை இன்னிக்கு எப்படித் திருத்துறார்?"

அக்கா தன் போனில் கடிகாரக்காரரின் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். போன மாதம் ஒருநாள் ஒரு கணக்கு. மறுநாள் அதில் ஒரு திருத்தம், கூடவே ஒரு வரி: தேய்ந்த மோட்டார் ஒன்று இருந்தால் அதற்கு மூன்றில் ஒரு நொடி விட்டுக்கொடுக்க வேண்டும்.

பல்பு மெதுவாகத் திரும்பி ஐந்தாவது பம்பைப் பார்த்தான்.

திரையில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரிசை இருந்தது. காலை ஆறு மணி ஓட்டத்துக்கு எதிரே மென்பொருளின் பதிப்பு எண். பகல் இரண்டு மணி ஓட்டத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் வெறுமை. அந்த இரண்டு மணி வரிசையில் சிவப்பு விழுந்த நாட்களுக்கெல்லாம் மறுநாள், எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் தன் தவறைத் திருத்தியிருந்தார்.

"என்னங்க?" என்றார் டீச்சர். ஒரே சொல்தான். அவருக்கும் தெரியாது என்பது அதிலேயே தெரிந்தது.

மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்தார். ஆமாம், தினமும் மத்தியானம் கடிகாரக்காரர் பக்கத்தில் போட்டதை எடுத்து இந்த எட்டு பம்பிலும் ஓட்டுகிறேன் என்றார். முடிவு தானாகப் பொதுப்பக்கத்தில் ஏறும். யாருக்கும் அனுப்பவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரத்திலேயே கடிகாரக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தனக்குப் புரிந்தது என்றார்.

"சிவப்பு, பச்சை. அவ்வளவுதான். ஒரு வார்த்தை எழுதல நான்."

"நீங்க எழுதல" என்றாள் அக்கா. "மேசை எழுதிடுச்சு. அது பதில்தான்."

"பன்னெண்டு வருஷம் அவர் எழுதினதை நான் திருத்தியிருக்கேன், நான் எழுதினதை அவர். முகம் பார்த்ததில்ல. எங்கப்பா செத்த வாரம் என் வேலை முழுக்க அவர்தான் பார்த்தார், கேட்காமலே. அவர் பேரை எடுத்தது இந்தக் கை. ஒரே வரி. அரை நிமிஷம் ஆச்சு." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "காரணம்கூடச் சொல்ல விடல."

அக்காவின் முகத்தில் பல்பு இதுவரை காணாத ஒரு தயக்கம். எரிந்த கடைகளில் அவள் ஒருநாளும் தயங்கியதில்லை. அங்கே எரித்தவன் கெட்டவன்.

அவள் நிதானமாகவே சொன்னாள். இந்தத் திரையை உலகமே பார்க்கலாம். தடைப் பட்டியல் போடுகிறவர்களின் ஆள் ஒருவன் நான் பார்த்ததைப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? அப்போது இது இரண்டு பேர் பேசிக்கொண்ட பேச்சு என்று ஆகும். அந்தப் பேச்சில் கனிந்த கணக்குதான் டீச்சர் படித்தது என்பார்கள். நாற்பத்தொன்றும் போகும். நீங்கள் கணக்கு வைத்து அணைக்காத ஆஸ்பத்திரிகளில் பம்ப் நிற்கும்.

"அஞ்சு மணிக்கு அறிக்கை அனுப்பணும்" என்றாள் கடைசியில். "இந்த மேசை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடுதுன்னு அதுல எழுதுவேன். அனுப்பறப்போ எது உண்மையோ அதை. இப்ப மணி நாலு இருபத்தஞ்சு."

எட்டுக் குவளைகளில் சொட்டு விழும் ஓசை. டீச்சர் கணவரின் தோளில் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். இது அவர் ஒருவர் செய்ய வேண்டிய காரியம்.

மெக்கானிக் விசைப்பலகையை இழுத்தார். இரண்டு மணி ஓட்டத்துக்கான கட்டளை ஒரே வரி. அதையும் அழிக்க அரை நிமிடம்தான் ஆனது. பழைய இரண்டு மணி வரிசைகளும் அதோடு திரையிலிருந்து போயின.

அறிக்கையை அக்கா பட்டறை வாசலில் நின்றே அனுப்பினாள். மேசை தினமும் ஒருமுறை, காலை ஆறு மணிக்கு ஓடுகிறது. எழுதிய கணத்தில் அது பொய் இல்லை. திரும்பும் வழியில் பல்பு இரண்டு நகைச்சுவை சொல்லிப் பார்த்தான். இரண்டுக்கும் அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் புதுப் பதிப்பு வெளிவந்தது. அடுத்த வாரத்துக்குள் முந்நூற்றுச் சொச்சம் ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றிக்கொண்டன என்று வக்கீல் நன்றி சொல்லி எழுதினார்.

கடிகாரக்காரரின் பக்கத்தைத் தினமும் பார்ப்பது பல்புக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் இரண்டு நாள் வழக்கம்போலக் கணக்கு போட்டிருந்தார். மூன்றாம் நாள், முடிவு எதுவும் காணவில்லை, அங்கே மின்சாரம் இல்லையோ என்று ஒரு வரி. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அதே கணக்கையே மறுபடி போட்டார். பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் போட்டதைப் பார்த்ததும் பல்பு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். அறிக்கை நகலில் கையெழுத்து வாங்க என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். அவள் எந்தக் கையெழுத்து என்று கேட்கவில்லை.

மெக்கானிக் மேசையில் அந்தப் பதிவுதான் அச்செடுத்த தாளாக விரிந்திருந்தது. சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"நேரத்தோட வித்தியாசத்தைப் பார்க்காம, மறுபடி நேரத்தையே பார்க்கிற மாதிரி எழுதியிருக்கார் சார்" என்றான் பல்பு. "எனக்கே தெரியுதே. நாற்பத்தொன்பதாவது நாள் நின்னுடும்."

"தெரியணும்னுதான் எழுதியிருக்கார். வேணும்னே பண்ண தப்பு. பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு அவர் பண்ணதில்ல." பேனா நிற்கவில்லை. "தப்புன்னு சொல்ல யாராவது இருக்காங்களான்னு பார்க்கிறார்."

"இதை என்ன பண்ணுவீங்க?"

மெக்கானிக் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே நான்கு தாள்கள். அதே போல் சிவப்பு மையில் திருத்தி, மடித்து, நாள் எழுதி வைத்தவை. பட்டியல் என்றைக்காவது மாறினால் மொத்தமாக அனுப்பலாம் என்றார். எப்போது மாறும் என்று பல்பு கேட்கவில்லை.

அவர் கடைசி வரிக்கு வந்திருந்தார். பிழை இருந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். சரியான கணக்கைப் பக்கத்தில் எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதற்கும் கீழே, ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில், 'இருக்கிறேன்' என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார். பிறகு தாளை நான்காக மடித்து, மற்ற தாள்களின் மேல் வைத்து, இழுப்பறையைப் பூட்டினார்.